‘பேசி முடிச்சிடலாம்’ என்று சொன்னால் வேலை கிடைக்காது!

எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவரும் அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படித்தவரும் ஒரே போஸ்ட்டுக்குத்தான் அப்ளை செய்கிறீர்கள். டிகிரி எல்லோரிடமும் இருக்கிறது. உங்களைத் தனித்துக் காட்டக்கூடிய ஸ்கில், ரெஸ்டோரேட்டிவ் பிராக்டிஸ்; அதாவது, பாதிப்பை உண்டாக்கியவரே பொறுப்பேற்றுச் சரிசெய்ய வைக்கும் முறை.

நெல்லையில் இதன் தேவையைச் சொல்லவே வேண்டாம். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். அதன்பின், பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றுக்குத் தடை, 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இந்த வேலைக்குத் தயாராக ஐந்து டிப்ஸ்:

1. கட்டப்பஞ்சாயத்து வேண்டாம்: ‘கயிறு விஷயத்தில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். என்ன செய்வீர்கள்?’ இன்டர்வியூவில் இப்படிக் கேட்டால், ‘கை குலுக்க வைப்பேன்’ என்று சொல்லாதீர்கள். ‘அடிபட்டவனைத் தனியாகச் சந்திப்பேன். அவன் சம்மதித்தால்தான் இருவரையும் உட்கார வைப்பேன்’ என்று சொல்லுங்கள்.

2. மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது? யாருக்கு என்ன பாதிப்பு? சரிசெய்ய யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்யப்போகிறார்? கேட்டுவிட்டு வாயை மூடுங்கள். அட்வைஸ் செய்ய ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

3. எல்லை தெரிந்திருக்கட்டும்: வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், போக்சோ கேஸ்களில் சமரசம் பேசினால் உங்கள் கரியருக்கே ஆபத்து. அங்கே முதலில் போலீஸ், பாதுகாப்பு, சிகிச்சை. குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098. குழந்தைகளின் அடையாளம் வெளிவரக் கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும்கூட.

4. எழுதப் பழகுங்கள்: இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, சிறுவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை போக வேண்டும். நன்னடத்தை அலுவலர் இல்லையென்றால் அதைக் குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ தயாரிக்க வேண்டிவரும். ‘மோசமான குடும்பம்’ என்று எழுதாதீர்கள். ‘அப்பா திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருகிறார்’ என்று எழுதுங்கள். குழு ஆலோசனையா, சமூக சேவையா என்று முடிவெடுக்கக் குழுமத்துக்கு இந்தத் தகவல்தான் உதவும்.

5. ஏழு வருடக் கணக்குப் போடுங்கள்: இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள். அந்த நாற்காலிக்கு ஒரு வழி, குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணிகளில் குறைந்தது 7 வருட அனுபவம். எனவே அனுபவச் சான்றிதழை வருடா வருடம் கையெழுத்தோடு வாங்கி ஃபைலில் வையுங்கள். ஏழாவது வருடம் தேடிப் போகும்போது அந்த என்.ஜி.ஓ.வே மூடியிருக்கலாம்.