கையெழுத்துக்கு முன்னால் கூரையைப் பார்

அன்புள்ள மலர்விழிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். உன் வாட்ஸ்ஆப் செய்தி கிடைத்தது. அண்ணா சாலையில் நீ பஸ்ஸில் தினமும் கடந்துபோகும் அந்தப் பழைய கடைக் கட்டடத்துக்குப் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள், இடிக்கப்போகிறார்களா பழுது பார்க்கிறார்களா தெரியவில்லை, தோழிகளோடு சேர்ந்து கையெழுத்து இயக்கம் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக நடத்தலாம். ஆனால் அது பிற்பாடு வரும் வேலை. அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. போனில் சொன்னால் பாதியில் உன் பஸ் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனைக்குப் போ. சிவப்புச் செங்கல்லும் குவிமாடமுமாகப் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி 1897இல் கட்டி முடித்தது. அப்போது அதன் பெயர் கார்டில் பில்டிங். மருந்து விற்க இவ்வளவு பெரிய அரண்மனை எதற்கு என்று தோன்றும். அண்ணா சாலைக்கு அப்போது மவுண்ட் ரோடு என்று பெயர். அந்தக் காலத்து மவுண்ட் ரோடு முதலாளிகளுக்குக் கட்டடம்தான் விளம்பரம். சாரட்டில் போகிற துரையும் ஜமீன்தாரும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஸ்பென்சர் தன் பெரிய கடையைக் கட்டியதும் அதே 1890களில்தான். அது 1980களில் தீயில் போயிற்று.

ஸ்மித் கட்டடத்தை 1934இல் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி வாங்கியது. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் அது எல்.ஐ.சி.யின் சொத்தாயிற்று. 2006இல், கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று சொல்லி இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. 2010இல் இடிக்கக் கூடாது என்றே தீர்ப்பும் வந்தது. சாலையோர ராட்சத விளம்பரப் பலகைகள் பற்றிய வேறொரு வழக்கில் நீதிபதி ஈ. பத்மநாபன் குழு சென்னையின் மரபுக் கட்டடங்கள் என்று 467ஐப் பட்டியல் போட்டிருந்தது. அந்தப் பட்டியலும் இந்தத் தீர்ப்பும்தான் இன்றைக்கும் நம்மைப் போன்றவர்களுக்குப் பிடிமானம். மரபு ஆணையம் அமைக்க மாநில அரசு 2012இல் சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது.

சரி, வழக்கில் ஜெயித்தாயிற்று. அப்புறம் என்ன? தீர்ப்புக்குப் பிறகும் பல வருஷம் கட்டடம் பூட்டியே கிடந்தது. உள்ளே ஆள் இல்லை, விளக்கு இல்லை. சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்தது. நீதிமன்றத்தால் கடப்பாரையைத்தான் நிறுத்த முடியும், வடகிழக்குப் பருவமழையை நிறுத்த முடியாது.

அங்கிருந்து ஹிக்கின்பாதம்ஸ் வரை நடந்து போ. கம்பெனி 1844இல் தொடங்கியது, இப்போதிருக்கும் கட்டடம் 1904இல் வந்தது. புத்தகக் கடைக்காகவே கட்டி, புத்தகக் கடையாகவே இருந்து வருகிறது. உயரமான கூரையும் மேலே வரிசையாகக் காற்றுத் திறப்புகளும் அலங்காரத்துக்காக வைத்தவை அல்ல, ஏசி இல்லாத காலத்தில் காகிதம் பூசணம் பிடிக்காமலிருக்க வைத்தவை. எந்தத் தீர்ப்பும் இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை. காலையில் கதவு திறக்கிறார்கள், பில் போடுகிறார்கள், கூரை ஒழுகினால் புத்தகம் நனையுமே என்று அன்றைக்கே ஆளைக் கூப்பிடுகிறார்கள். அதே சாலையில் அஞ்சலக வளாகத்துக்குள் இன்னொன்று பார்க்கலாம். 1913இல் திறந்த எலக்ட்ரிக் தியேட்டர், ஊமைப்படம் ஓடிய கொட்டகை. இரண்டே வருஷத்தில் அஞ்சல் துறை அதை வாங்கிவிட்டது. இன்று அங்கே தபால்தலை விற்கிறார்கள். திரை போய்விட்டது, கட்டடம் இருக்கிறது. தொழில் மாறினால் பரவாயில்லை, உள்ளே ஏதாவது ஒரு தொழில் நடக்க வேண்டும் என்பதுதான் இத்தனை வருஷப் பழைய கட்டட வேலையில் எனக்குப் புரிந்தது.

கூரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய கட்டடம் சாவது அங்கிருந்துதான். படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் முகப்பையே எடுக்கிறார்கள். நீ அனுமதி வாங்கி மேல் தளத்துக்குப் போய், தலையைத் தூக்கி உட்கூரையைப் பார். அடுத்தடுத்துத் தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் சின்னச் சின்னச் செங்கற்கள் கோணவாக்கில் குத்துக்கல்லாக வரிசை பிடித்திருக்கும். இதுதான் மெட்ராஸ் டெரஸ். அந்தச் செங்கல்லுக்கு மேலே சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லியைப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். ஜல்லி இறுகிக் கட்டை துள்ளும்வரை தட்டு நிற்காது. அதற்கும் மேலே தட்டோடு பதித்து இடுக்கைப் பூசிவிட்டால் ஒரு தலைமுறைக்குக் கவலை இல்லை.

கவலை எங்கிருந்து வருகிறது என்றால் மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பிலிருந்து. இலையும் பிளாஸ்டிக் பையும் அதை அடைக்கும். மாடியில் தண்ணீர் தேங்கி, தேக்குக் கட்டை சுவருக்குள் நுழைகிற முனையை நனைக்கும். கட்டையின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும், முனை மட்டும் விரலால் அமுக்கினால் உதிரும். அப்போது ஓர் ஆள் வந்து ஒழுகல் நிற்கட்டும் என்று மாடி முழுக்க சிமென்ட் கலவை போடுவார். எடை கூடும். சுவருக்கும் சிமென்ட் பூசுவார். சுண்ணாம்புச் சுவர் தான் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைக்கும். ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, பூச்சோடு செங்கல்லையும் பொடியாக்கும். நாலைந்து வருஷத்தில் கட்டடம் ஆபத்தானது என்று சான்றிதழ் தயார். தூம்பைச் சுத்தம் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவு ஒரு நாள் கூலிதான். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்கூட வற்றிவிட்டது.

ஆனால் உடைமையாளரை உடனே வில்லனாக்கிவிடாதே. நம் ஊரில் 1960இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, குடியிருப்பவரைச் சுலபமாக வெளியேற்றவும் முடியாது. குடித்தனக்காரருக்கு அது பெரிய அரண். ஜார்ஜ் டவுன் பக்கம் போனால் அதன் மறுபக்கம் தெரியும். தாத்தா காலத்து வாடகையில் கடை நடக்கும். வருகிற வாடகையில் ஒரு சன்னல்கூட மாற்ற முடியாது. கட்டடம் விழுந்தால்தான் குடித்தனம் காலியாகும் என்றிருக்கும்போது உடைமையாளர் தூம்பை எதற்குச் சுத்தம் செய்வார்? போதாததற்கு நாலு வாரிசு, பாகப்பிரிவினை வழக்கு. தரையின் விலையோ மேலே நிற்கிற கட்டடத்தின் விலையைப்போலப் பல மடங்கு. 2017இல் புதுச் சட்டம் வந்து நிலைமை மாறிவருகிறது. ஆனால் வாடகை ஏறினால் பழைய கடைக்காரர் போய்விடுவார், சங்கிலிக் கடை வந்துவிடும். இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. கையெழுத்துத் தாளில் ‘பாரம்பரியத்தைக் காப்போம்’ என்று மட்டும் எழுதினால் இதெல்லாம் அதற்குள் வராது என்று சொல்லவே எழுதினேன்.

ஆகவே உன் கட்டடத்துக்குப் போகும்போது முதலில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் கடைக்காரரிடம் பேசு. உடைமையாளருக்கே தெரியாதது அவருக்குத் தெரியும். எந்த மூலையில் எந்த மாசத்தில் ஒழுகும், மாடிப்படி எப்போது மாற்றியது, அவருக்கு முன்னால் யார் என்ன விற்றார்கள். பழைய பில் புத்தகம், லெட்டர்ஹெட், சுவர்க் காலண்டர் இருக்கிறதா என்று கேள். அவற்றில் முகவரியும் வருஷமும் இருக்கும். கதவையும் பார். ஷட்டர் வருவதற்கு முந்தைய பலகைக் கதவு எங்காவது மிச்சமிருந்தால் ஒவ்வொரு பலகையிலும் எண் செதுக்கியிருக்கும், மாற்றிச் செருகினால் கடைசிப் பலகை உட்காராது என்பதால். அந்த எண் தமிழ் எண்ணாக இருந்தால் எனக்கு உடனே படம் அனுப்பு.

பிறகு காகிதம். பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் கைமாறிய கதை தெரியும். கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் அஸைலம் பிரஸ் ஆல்மனாக் என்ற பழைய டைரக்டரி இருக்கிறதா கேள். மவுண்ட் ரோட்டுக் கடைகள் அதில் போட்ட விளம்பரங்களே ஒரு சரித்திரம். கட்டடம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) மரபுப் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிடு. சென்னையின் வரலாற்றை எழுதிய, மறைந்த எஸ். முத்தையாவின் எழுத்துகளையும் புரட்டு. ஆனால் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுக்காமல் கட்டடத்தோடு ஒத்துப் பார். படம் எடுத்தால் தேதி போடு. முகப்பைவிடப் பின்பக்கம், படிக்கட்டு, கழிப்பறை, கூரை இவற்றை அதிகம் எடு. அளவும் எடுத்து வை. அளவு எதற்கு என்றால், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளைப் பற்றியும் இசைத்தட்டுக் கடைகளைப் பற்றியும் எழுதாதவர் இல்லை, ஒரு கடையின் அகலம் எத்தனை அடி என்று யாரையாவது கேட்டுப் பார். கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம்.

எல்லாப் பழைய கட்டடத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சிலவற்றை அவசரத்தில் மட்டமாகக் கட்டினார்கள், அவை போனால் எனக்கு வருத்தமில்லை. முகப்பை மட்டும் நிறுத்திவைத்துப் பின்னால் கண்ணாடிக் கோபுரம் எழுப்புகிறார்களே, அதை என்னால் பாதுகாப்பு என்று சொல்ல முடியவில்லை. எது பழசு என்பதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. எல்.ஐ.சி. கோபுரத்தையே எடுத்துக்கொள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் திட்டமிட்டது. அவர் 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துவிட்டார். கம்பெனி தேசியமயமாகி, 1959இல் எல்.ஐ.சி. பெயரில் திறந்தார்கள். 14 மாடி, 177 அடி. வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்த புதுமை அது. இன்று அதற்கே அறுபது வயது தாண்டிவிட்டது. உன் வயதுக்காரர் யாராவது இப்போதே அதன் உட்புறத்தையும் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களையும் பதிவு செய்யத் தொடங்கலாம். அதற்குப் பச்சை வலை கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போ. போக்குவரத்து குறைவு, சாலையின் எதிர்ப்புறம் நின்று மேல் மாடியை நிதானமாகப் பார்க்கலாம். கடைக்காரரைப் பார்க்க மட்டும் வார நாளில், மத்தியானம் மூன்று மணி வாக்கில் போ, அப்போதுதான் வியாபாரம் மந்தமாக இருக்கும். மொட்டை மாடிக்கு வாட்ச்மேன் இல்லாமல் ஏறாதே. ஏறினால் தளத்தின் நடுவில் நடக்காமல் சுவரை ஒட்டி நட. தூம்பு அடைத்திருந்தால் எந்த மூலை என்று குறித்து அனுப்பு, எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இருக்கிறார், உடைமையாளர் சம்மதித்தால் அனுப்பிவைக்கிறேன்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா