சுங்கத் தரகர் உரிமம்: தேர்வுக்கான முக்கியக் குறிப்புகள்

துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ வந்திறங்கும் சரக்கு இறக்குமதியாளருடையது. அதைப் பற்றிய விவரங்களை ஆவணமாக்கிச் சுங்கத் துறையிடம் தாக்கல் செய்து வெளியே எடுத்துத் தருபவர், பெரும்பாலும், சுங்கத் தரகர். பிறர் சொன்ன விவரத்துக்குத் தன் கையெழுத்தைத் தருகிற தொழில் இது. உரிமத்துக்கான விதிகள் எல்லாமே இந்த ஒரு கவலையிலிருந்து பிறந்தவை. அதை மனத்தில் வைத்துப் படித்தால் எண்களும் விதிகளும் தாமே ஒட்டிக்கொள்ளும்.

1. சட்ட அடிப்படை

• மூலச் சட்டம்: சுங்கச் சட்டம், 1962. பிரிவு 146 உரிமம் பற்றியது. உரிமம் இல்லாமல் பிறருக்காகச் சுங்கப் பணி செய்யக் கூடாது.
• பிரிவு 146ஏ: அதிகாரம் பெற்ற பிரதிநிதி அதிகாரிகள் முன் ஆஜராவது பற்றியது. இதையும் 146-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.
• பிரிவு 147: உரிமையாளர், முகவர் ஆகியோரின் பொறுப்பு. முகவர் செய்தது உரிமையாளருக்குத் தெரிந்தே நடந்ததாகக் கொள்ளப்படும். மாறாக நிரூபிக்கும் சுமை உரிமையாளருடையது.
• பழைய பெயர் 'கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்'. 2013-இல் சட்டத்தில் 'கஸ்டம்ஸ் புரோக்கர்' என மாறியது. துறைமுகத்தில் இன்றும் பலர் வாயில் 'சி.எச்.ஏ.' தான்.
• விதிமுறைகளின் வரிசை: 1984, 2004, 2013, 2018. இப்போது நடப்பில் இருப்பவை 2018 மே 14 அன்று அறிவிக்கப்பட்ட சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள்.

2. உரிமம் தேவைப்படாதவர்கள்

• தன் சொந்தச் சரக்குக்கு மட்டும் பணி செய்யும் இறக்குமதியாளர் அல்லது ஏற்றுமதியாளர்.
• ஒரு நிறுவனத்தின் சரக்குக்காகவே பணி செய்யும் அதன் ஊழியர். அடையாள அட்டையோ தற்காலிக அனுமதிச் சீட்டோ இருக்க வேண்டும்.
• கப்பல் அல்லது விமானத்தின் வருகை, புறப்பாட்டுக்கான பணியை மட்டும் பார்க்கும் முகவர்.

மூன்று விலக்குகளிலும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள்: யாரும் முன்பின் அறியாத வாடிக்கையாளரின் சரக்குக்குப் பொறுப்பேற்பதில்லை. உரிமத்தின் தேவை அங்கேதான் தொடங்குகிறது.

3. விண்ணப்பிக்கத் தகுதி

• இந்தியக் குடிமகன். நல்ல மனநிலை உடையவர். திவாலானவர் என்று அறிவிக்கப்படாதவர்.
• ஆதார் எண், பான் அட்டை இரண்டும் வேண்டும்.
• நீதிமன்றத்தால் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படாதவர். சுங்கம், மத்திய கலால், ஜி.எஸ்.டி. போன்ற சட்டங்களின் கீழ்த் தண்டம் விதிக்கப்படாதவர்.
• அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டம். அத்துடன் கணக்கியல், நிதி, மேலாண்மை, சட்டம் போன்ற துறையில் தொழில்முறைத் தகுதி, அல்லது சுங்கப் பணியில் டிப்ளமோ, அல்லது ஜி கார்டு (பகுதி 6 காண்க) வைத்திருப்பவராகக் குறைந்தது 2 ஆண்டு அனுபவம்.
• குறைந்தது 5 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்துக்குச் சான்று.

பட்டம் மட்டும் போதும் என்ற விடை தவறு. பட்டமும், கூடவே மேலே சொன்னவற்றுள் ஒன்றும் வேண்டும்.

4. தேர்வு

• நடத்துவது: சுங்கம், மறைமுக வரிகள் மற்றும் போதைப்பொருள் தடுப்புக்கான தேசிய அகாதெமி, சுருக்கமாக 'நாசின்'.
• எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு என இரண்டு கட்டம்.
• எழுத்துத் தேர்வு கணினி வழியில்: 150 கொள்குறி வினாக்கள், 450 மதிப்பெண். சரியான விடைக்கு 3. தவறான விடைக்கு 1 கழியும். தேர்ச்சிக்கு 270, அதாவது 60 விழுக்காடு.
• எழுத்துத் தேர்வு முடிவு வெளியான 2 ஆண்டுக்குள் அதனுடன் இணைந்த வாய்மொழித் தேர்விலும் வெல்ல வேண்டும்.
• பாடப்பகுதிகள்: பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில் தயாரிப்பு, வரி வகைப்பாடு, மதிப்பீடு, நாணய மாற்று, பண்டகக் காப்பு நடைமுறை, டிராபேக், தடைசெய்யப்பட்ட பொருள்கள், குற்றங்களும் மேல்முறையீடும், அயல்நாட்டு வணிகச் சட்டம், ஜி.எஸ்.டி. உள்ளிட்ட துணைச் சட்டங்கள்.

5. உரிமம் பெறும்போது

• வழங்குபவர்: முதன்மைச் சுங்க ஆணையர் அல்லது ஆணையர்.
• பிணைப் பத்திரத்துடன் 5 லட்சம் ரூபாய் பிணைத்தொகை. வங்கி உத்தரவாதம், அஞ்சலகப் பிணை, தேசியச் சேமிப்புப் பத்திரம், நிரந்தர வைப்பு ரசீது ஆகியவை ஏற்கப்படும்.
• சொத்துச் சான்று 5 லட்சம், பிணைத்தொகை 5 லட்சம். தொகை ஒன்று, நோக்கம் வேறு. முதலாவது தகுதிக்கு, இரண்டாவது கடமை தவறினால் அரசு பறிமுதல் செய்வதற்கு.
• முறைப்படி தெரிவித்துவிட்டால் நாட்டின் எல்லாச் சுங்க நிலையங்களிலும் பணி செய்யலாம்.
• உரிமத்தை விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது.
• 2021 ஜூலை 23 திருத்தம்: 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் முறை நீங்கியது, உரிமம் வாழ்நாள் முழுதும் செல்லும். ஓராண்டுக்கு மேல் பணி எதுவும் நடக்காவிட்டால் அது செல்லாததாகலாம். பழைய வழிகாட்டி நூல்களில் '10 ஆண்டு' என்றே இருக்கும்; அதை நம்பி மதிப்பெண்ணை இழக்க வேண்டாம்.

6. அட்டைகள் மூன்று

• எஃப் கார்டு: 2018 விதிமுறைகளின் விதி 6-இன் கீழ் முதன்மைத் தேர்வில் வென்றவருக்கு.
• ஜி கார்டு: விதி 13-இன் கீழ் ஊழியருக்கான தேர்வில் வென்றவருக்கு. தரகர் அதிகாரம் அளித்தால் பத்திரங்களில் கையெழுத்திடலாம்.
• எச் கார்டு: உதவியாளருக்கு. கையெழுத்திடும் அதிகாரம் இல்லை.

7. விதி 10: கடமைகள்

தேர்விலும் தொழிலிலும் கனமான பகுதி இதுவே. முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

• ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எழுத்துமூல அதிகாரம் பெற வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும்.
• சட்டப்படி நடக்குமாறு வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் துணை ஆணையர் அல்லது உதவி ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும்.
• வரி கட்டத் தந்த பணத்தைத் தாமதமின்றிச் செலுத்திக் கணக்குக் காட்ட வேண்டும்.
• அதிகாரியை மிரட்டியோ பரிசளித்தோ வளைக்க முயலக் கூடாது.
• இறக்குமதி-ஏற்றுமதி குறியீட்டு எண், ஜி.எஸ்.டி. எண், வாடிக்கையாளரின் அடையாளம், சொன்ன முகவரியில் அவர் உண்மையில் இயங்குவது ஆகியவற்றை நம்பகமான ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். இது 10(என்). 'கே.ஒய்.சி.' என்று வாடிக்கையில் சொல்வது இதைத்தான்.
• பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டு காக்க வேண்டும்.
• விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும்.

8. தவறினால்

• விதி 14: உரிம ரத்து, பிணைத்தொகை பறிமுதல்.
• விதி 16: உடனடித் தற்காலிக நிறுத்தம். 15 நாளுக்குள் விசாரணை வாய்ப்பு. அதன்பின் 15 நாளுக்குள் ஆணை.
• விதி 17: குற்ற அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் அறிவிப்பு, அறிவிப்பிலிருந்து 90 நாளுக்குள் விசாரணை அறிக்கை, அதிலிருந்து 90 நாளுக்குள் ஆணையரின் முடிவு. தரகர் பதிலளிக்க 30 நாள்.
• விதி 18: தண்டம் 50,000 ரூபாய் வரை.
• விதி 19: மேல்முறையீடு சுங்கம், கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு.

9. அறிய வேண்டிய தீர்ப்புகள்

• கே.எம். கணத்ரா வழக்கு, உச்ச நீதிமன்றம், 2016: தரகர் மீது வணிகரும் அரசும் வைக்கும் நம்பிக்கையின் எடையை வலியுறுத்தியது.
• குனால் டிராவல்ஸ் வழக்கு, டெல்லி உயர் நீதிமன்றம், 2017: வணிகத்தின் உண்மைத்தன்மையை எடைபோடும் ஆய்வாளர் அல்லர் தரகர் என்றது.
• ஏ.எம். அகமது வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம், 2014: 90 நாள் வரம்பு கட்டாயம் என்றது. யூனிசன் கிளியரிங் வழக்கில் 2018-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை வழிகாட்டும் வரம்பாகக் கொண்டது.

முதல் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வாடிக்கையாளர் யார் என்று தேடி உறுதிசெய்வது தரகரின் கடன். வாடிக்கையாளரின் வணிகம் முழுவதையும் துப்பறிவது அவர் கடன் ஆகாது. நடுவில் உள்ள கோட்டைத்தான் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

10. எண்களை ஒரே பார்வையில்

• 5 லட்சம்: சொத்துச் சான்று, பிணைத்தொகை
• 5 ஆண்டு: பதிவேடு காக்கும் காலம்
• 2 ஆண்டு: ஜி கார்டு அனுபவம், வாய்மொழித் தேர்வுக்கான வரம்பு
• 15 + 15 நாள்: தற்காலிக நிறுத்தம்
• 90 + 90 + 90 நாள்: ரத்து நடவடிக்கை. கூட்டினால் 270, தேர்ச்சி மதிப்பெண்ணும் 270
• 50,000 ரூபாய்: உச்சத் தண்டம்

ஏன் இவ்வளவு ஆவணங்கள்?

2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூருவிலும் முகமறியா மதிப்பீட்டின் முதல் கட்டம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 31-க்குள் நாடெங்கும் பரவியது. இதன்படி, சென்னையில் இறங்கும் சரக்கின் பத்திரத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி மதிப்பிடலாம். கவுன்ட்டரில் நின்று நேரில் விளக்கிச் சொல்லும் காலம் போய்விட்டது. தரகரைப் பற்றி அந்த அதிகாரிக்குத் தெரிவதெல்லாம் அவர் பதிவேற்றிய ஆவணங்கள் மட்டுமே. ஆகவே 10(என்)-ஐ மனப்பாடம் செய்யும்போது ஒரு காட்சியையும் கற்பனை செய்யுங்கள்: புதிய வாடிக்கையாளர் ஒருவர் அவசரம் என்கிறார்; குறியீட்டு எண் இருக்கிறது, முகவரிச் சான்று இல்லை. அன்று நீங்கள் கையெழுத்திடாமல் சான்றைக் கேட்டு வாங்கினால், இந்தக் குறிப்புகளைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.