இரும்பு நாற்காலியும் துருவும்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (வேதியியல்)

என் தந்தையார் ஒரு பங்களாவில் தோட்டவேலை செய்பவர். அங்கு மாமரத்தடியில் பூவேலைப்பாடுள்ள நான்கு இரும்பு நாற்காலிகளும் ஒரு பெஞ்சும் உண்டு. சென்ற மார்கழியில் பெஞ்சின் கால் ஒன்று முறிந்துவிட்டது. "வருஷா வருஷம் பெயிண்டுக்குக் காசு கொடுக்கிறேனே, என்னத்தை அடித்தாய்?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம். அப்பா ஓர் ஆண்டும் தவறாமல் அடித்தவர்தான். அடுத்த ஞாயிறன்று நானும் உடன் சென்று பார்த்தேன்.

முறிந்த இடத்தில் பெயிண்ட் வெங்காயச் சருகைப் போல ஐந்தாறு அடுக்காக உரிந்து வந்தது. அடியில் பழுப்புத் தூள். துருவின் மேலேயே ஆண்டுதோறும் பூசியிருக்கிறார்கள்!

இரும்பு துருப்பிடிக்க நீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். விளையும் துரு, நீரேற்றம் பெற்ற ஃபெரிக் ஆக்சைடு ஆகும். அது தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மேலுள்ள பெயிண்டை நெம்பித் தூக்குகிறது. விரிசல் வழியே மீண்டும் ஈரம் இறங்குகிறது. அலுமினியத்தின் ஆக்சைடோ உலோகத்தை இறுகப் பற்றிக் காக்கும். துருவுக்கு அந்தக் குணம் இல்லை. மேலும், ஈரமண்ணில் புதைந்த பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு. அத்தகைய பகுதியே நேர்மின்வாயாகி அரிக்கப்படும். கால் தரையருகே முறிந்தது இதனால்தான்.

'தில்லி இரும்புத் தூண் 1600 ஆண்டுகளாக நிற்கவில்லையா?' எனலாம். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அது மேற்பரப்பில் காப்புப் படலம் உண்டாக உதவுகிறது. இன்று தேனிரும்பு என்று விற்கப்படும் நாற்காலிகளோ பெரும்பாலும் மென்னெஃகு.

ஆகவே முதலில் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை அடியோடு நீக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்த்து, மூக்கைக் கட்டிக்கொள்வது நல்லது. நன்கு உலர்த்தி, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் பூச வேண்டும். (அதன் செந்நிறமும் இரும்பு ஆக்சைடுதான் என்பது வேடிக்கை!) அது காய்ந்தபின் எனாமல் பெயிண்ட் மெல்லியதாக இருமுறை. சுருள் வேலைப்பாட்டின் இடுக்குகளே நீர் தங்குமிடம். அங்கே சிறிய பிரஷ் வேண்டும். கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தால் மண் ஒட்டாது. மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடவே கூடாது.

மாசியில் வெயில் ஏறியதும் நானும் அப்பாவும் நான்கு நாற்காலிகளையும் சுரண்டிப் பூசினோம். இரண்டு ஞாயிறுகள் பிடித்தன. பெஞ்சுக்குப் புதுக்கால் வைத்த கூலியை மட்டும் அப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.