விண்ணப்பக் கடிதமும் ஆங்கிலப் பிழைகளும்

கல்வி உதவி கோரி வரும் ஆங்கிலக் கடிதங்களில் ஒரு பிழை ஆண்டுதோறும் கண்ணில் படுகிறது: 'ஐ டிட் நாட் வென்ட்'. 'டிட்' என்பதிலேயே இறந்தகாலம் வந்துவிட்டது. அதன்பின் வினைச்சொல் மாறாமல் நிற்க வேண்டும். 'டிட் நாட் கோ' என்பதே சரி. தமிழில் 'போனேன் இல்லை' என்போமா? 'போகவில்லை' என்றுதானே சொல்கிறோம்!

'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்பதும் தவறு. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய காலத்துக்கு 'சின்ஸ்'. 'மூன்று ஆண்டுகளாக', '2022 முதல்' என்று தமிழில் பிரித்துச் சொல்லும் பிள்ளைக்கு இது கடினமில்லை.

வாப்பா டிரைவராக இருக்கிறார் என்று எழுத வந்த மாணவி ஒருவர், 'ஈஸ்' வர வேண்டிய இடத்தில் 'வாஸ்' எழுதிவிட்டார். அவர் வஃபாத்தாகிவிட்டார் என்றே எண்ணி, தந்தையை இழந்தோர் பட்டியலில் சேர்த்துவிட்டோம். விசாரிக்க வீட்டுக்குப் போனால், கதவைத் திறந்தவரே அந்த வாப்பாதான்! (கேட்டு எழுதாதது எங்கள் தவறும்கூட.)

பெற்றோரே, கடிதம் அனுப்புமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி வரிவரியாகப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். 'இது முடிந்துபோனதா, இப்போதும் உள்ளதா?' என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். ஆங்கிலம் அறியாத தாய்மாரும் இதைக் கேட்கலாம்.