மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்கணும்

வங்கியில் நிலத்தின் பேரில் கடன் கொடுக்கும்போது முதலில் வில்லங்கச் சான்று பார்ப்போம். அதில் அடமானம் தெரியும். மண்ணுக்குள் இருக்கும் ஈயமும் காட்மியமும் தெரியாது. இயற்கை விவசாயிக்கு இந்த இரண்டாவது வில்லங்கம்தான் பெரிசு.

தாம்பரம் பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், குப்பைமேட்டுல சலிச்ச மண்ணு கறுப்பா, பொலபொலன்னு இருக்குமாமே, செடிக்குப் போடலாமா?"

பெருங்குடி குப்பைமேடு நமக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல் 1980-களிலிருந்து குப்பை கொட்டினார்கள். அந்தச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்குப் போகிறது. 2022-ல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பைமேட்டை 'பயோமைனிங்' முறையில் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையும் நடந்துவருகிறது.

பழைய குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காயவிட்டு, சுழலும் சல்லடையில் சலிப்பார்கள். பிளாஸ்டிக், துணி போன்ற எரியும் பொருள் சிமென்ட் ஆலைக்குப் போகும். கல், செங்கல் தனியாகும். மிஞ்சுவதுதான் அந்தக் கறுப்பு மண்.

பல வருஷக் கலப்புக் குப்பையில் பேட்டரி, பெயின்ட், குழல்விளக்கு எல்லாம் கிடந்திருக்கும். காய்கறிக் கழிவு மட்கும், உலோகம் மட்காது. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் எவ்வளவு விட்டாலும் ஈயம் வெளியே போகாது. நல்ல மட்கு அதை ஓரளவு கட்டிவைக்கும், அவ்வளவுதான். கீரைகள் காட்மியத்தை எளிதாக உறிஞ்சும். அமில மண்ணில் இது இன்னும் அதிகம்.

நகரக் குப்பை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் உச்சவரம்பு, கிலோவுக்கு மில்லிகிராமில்:

ஈயம் – 100
காட்மியம் – 5
குரோமியம் – 50
நிக்கல் – 50
ஆர்சனிக் – 10
பாதரசம் – 0.15

வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற கடலோர ஊர் எஃகு, தகரத்தகடு ஆலைகளால் வாழ்ந்தது. ஆலைகள் மூடிய பிறகு பாழாய்க் கிடந்த கரையை 22 கி.மீ. நீளப் பூங்காவாக மாற்றினார்கள். நடக்கவும், சைக்கிள் ஓட்டவும், பறவை பார்க்கவும் அருமையான இடம். கெட்ட நிலத்துக்கு அது கௌரவமான மறுவாழ்வு. பெருங்குடியும் அப்படிப் பசுமையாகட்டும். ஆனால் மரமும் புல்லும் வளர்வது வேறு, சாப்பிடுகிற பயிர் வளர்வது வேறு.

அதனால், வெளிமண்ணோ மட்கோ வாங்கும் முன்:

1. எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.
2. குவியலில் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து மாதிரி அனுப்புங்கள்.
3. மண்வள அட்டையில் ஈயமும் காட்மியமும் வராது. 'கன உலோகப் பரிசோதனை' என்று தனியாகக் கேளுங்கள்.
4. கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடித்தூள், பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் பரிசோதனைச் செலவே வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
5. நிலம் வாங்குவதானால், முன்பு அங்கே பட்டறை, சாயக்கிடங்கு, குப்பைக்குழி இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

அடமானக் கடனைக் கட்டி முடித்தால் பத்திரம் திரும்பி வரும். ஈயம் ஏறிய மண்ணுக்கு அப்படி ஒரு தவணை கிடையாது. நம் வீட்டு மாட்டுச்சாணமும் இலைதழையும் மெதுவாகத்தான் மண்ணாகும். அதன் பூர்வீகமாவது நமக்குத் தெரியும்.