எலும்பு கற்றுத்தந்த கதிரை

கதிரை இல்லாத வீடு இல்லை. ஆயினும் அது எவ்வாறு உருவாகிறது என்று நாம் சிந்திப்பது குறைவு. ஓடாவி மரத்தை அளந்து, அறுத்து, சீவிப் பொருத்துவதே நாம் அறிந்த முறை. இன்றோ தளபாடத்தின் வடிவம் பல இடங்களில் கணினித் திரையிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

இதற்குச் சிறந்த உதாரணம், நெதர்லாந்து நாட்டு வடிவமைப்பாளர் யோரிஸ் லார்மன் 2006ஆம் ஆண்டு உருவாக்கிய 'எலும்புக் கதிரை' ஆகும். எமது எலும்பு, பாரம் தாங்கும் இடத்தில் தடிக்கிறது. பாரம் விழாத இடத்தில் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. மரமோ தேவையான இடத்தில் சேர்க்குமே தவிர, சேர்த்ததை அகற்றாது. இவ்வளர்ச்சி முறைகளை ஜேர்மனிய விஞ்ஞானி கிளவுஸ் மாத்தெக் ஆராய்ந்தார். அந்த ஆய்வின் வழிவந்த மென்பொருள், வாகனப் பாகங்களின் உறுதி கெடாமல் எடையைக் குறைக்க உதவியது. லார்மன் அதனைக் கதிரைக்குப் பயன்படுத்தினார்.

அதன் செயன்முறை எளிமையானது. இருக்கை எங்கே, சாய்மனை எங்கே, எவ்வளவு பாரம் விழும் என்பன கணினிக்குக் கொடுக்கப்படும். பாரம் தாங்காத பகுதிகளைக் கணினி படிப்படியாக நீக்கும். எஞ்சுவது எலும்புபோல் கிளைவிட்ட கால்களுடைய ஒரு வடிவம். அதற்கான பீங்கான் அச்சு முப்பரிமாண அச்சுமுறையில் தயாரிக்கப்பட்டு, உருக்கிய அலுமினியம் அதில் வார்க்கப்பட்டது. உளியால் இவ்வடிவத்தைச் செதுக்குவது மிகக் கடினம்.

இக்கதிரையின் படத்தை, நாற்பது வருடம் ஓடாவி வேலை செய்த என் மூத்தாப்பாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இரிக்கி. ஆனா முழங்கால் நோவுள்ள ஆள் எதப் புடிச்சிட்டு எழும்புற?" என்று கேட்டார். அப்போதுதான் அதற்குக் கைப்பிடி இல்லை என்பதைக் கவனித்தேன். எங்கள் வீட்டில் மூத்தம்மாவுக்காக அவர் செய்த கதிரையின் கைப்பிடிகள் வழமையைவிடச் சற்று உயரமானவை. அதன் காரணமும் அன்றுதான் விளங்கியது.

கணினி தவறு செய்யவில்லை. கொடுத்த கணக்கை அது சரியாகவே செய்தது. எந்தக் கணக்கைக் கொடுப்பது என்பது மனிதரின் பொறுப்பு. உட்காரும் பாரத்தை மட்டும் சொன்னால் அதற்கேற்ற விடையே வரும்; எழும்பும் கையின் பாரத்தையும் சொன்னால் வேறொரு கதிரை பிறக்கும்.

எனவே சகோதரிகளே, வடிவமைப்பு மென்பொருட்களை நாம் ஆர்வத்துடன் கற்போம். அதற்கு முன், அதில் அமரப்போகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கவும் பழகுவோம். அந்தப் பாடத்தை ஓடாவிகள் நமக்கு முன்பே கற்றிருக்கிறார்கள்.