வந்தான், வந்திருக்கிறான், வந்தானாம்
பல்கேரிய இலக்கியம் தமிழுக்கு வரும் வழி பற்றி ஒரு பாடம்

பொன்முடி என்ற பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் பொன் பொன்தான், முடி முடிதான். கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி அங்கே போயிருந்தபோது, தேநீர்க் கடை ஒன்றின் திண்ணையில் ஒரு தமிழ்ப் பாட்டி பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம். அவருக்கு ஏழு புள்ளைகளாம்." சற்று நேரம் கழித்துப் பேரன் அதே கதையைத் தன் மலையாளத் தோழனுக்குச் சொன்னான். பாட்டியின் 'ஆம்' எல்லாம் பேரன் வாயில் 'அத்ரே' ஆகியிருந்தது. யாரும் அவனுக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கவில்லை. 'நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன்' என்ற பொருளைத் தரும் இந்தச் சிற்றசை, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

இந்த அசைக்கு ஐரோப்பாவின் ஒரு மூலையில் உறவு உண்டு. அதைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

பல்கேரியா பால்கன் தீபகற்பத்தில் உள்ள நாடு. 2021 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 65 லட்சம்; கேரளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பல்கேரிய மொழியில் "அவன் வந்தான்" என்பதை ஒரே விதமாகச் சொல்ல முடியாது. நேரில் பார்த்தவன் 'தொய்தே' என்பான். வாசலில் செருப்பைக் கண்டு ஊகிப்பவன் 'தொஷல் எ' என்பான். நம் 'வந்திருக்கிறான்' போல. பிறர் சொல்லக் கேட்டவன் 'தொஷல்' என்பான். அதுவே நம் 'வந்தானாம்'. அங்கும் பாட்டிமார் கதையை இந்த மூன்றாம் வடிவத்தில்தான் தொடங்குகிறார்கள். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் துருக்கியர் ஆட்சியில் இருந்ததால் அம்மொழியின் செல்வாக்கில் இவ்வழக்கு வளர்ந்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆங்கிலத்தில் இதற்கு வினை வடிவமே இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் 'என்று சொல்கிறார்கள்' என்று சேர்த்தால் படிப்பவருக்குச் சலிப்புத் தட்டும். ஆகவே மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்.

விட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கதையில் அதிகம் குறையாது. ஆனால் பல்கேரியாவின் அண்மைக்கால வரலாற்றைப் பாருங்கள். 1989 நவம்பர் 10 அன்று தோதோர் ழிவ்கோவ் பதவியிலிருந்து இறக்கப்படும் வரை அங்கே கம்யூனிஸ்ட் கட்சியின் ஆட்சி. டான்யூப் ஆற்றின் பெலெனெ தீவில் அரசியல் கைதிகளுக்கான முகாம் இருந்தது. அதைப் பற்றி வெளிப்படையாக எழுதுவது ஆட்சி மாறிய பிறகே இயன்றது. அதுவரை செய்திகள் காதோடு காதாகப் பரவின. அத்தகைய நாட்டில் 'அடித்தார்கள்' என்பது ஒரு சாட்சியின் வாக்குமூலம். 'அடித்தார்களாம்' என்பது அண்டை வீட்டாரின் அச்சம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் சாட்சியும் வதந்தியும் ஒன்றாகிவிடும்.

பிளாகா திமித்ரோவா (1922–2003) என்ற கவிஞரின் வாழ்க்கை அந்தக் காலத்துக்கு நல்ல சான்று. 1981இல் வெளிவந்த அவருடைய 'முகம்' என்ற நாவல் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆட்சி மாறியபின் 1992இல் அவரே நாட்டின் துணைக் குடியரசுத் தலைவரானார். மறு ஆண்டே பதவி விலகினார். அவருடைய கவிதைத் தொகுதி ஒன்று 1989இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர்கள் இருவர்: பல்கேரியரான நிகோ போரிஸ், அமெரிக்கக் கவிஞர் ஹெதர் மக்ஹியூ. மூலமொழியை வீட்டு மொழியாகக் கொண்டவர் ஒருவர், வருமொழியில் கவிஞரான ஒருவர் என்ற இந்த ஏற்பாடு சிறிய மொழிகளுக்கு மிகவும் பயன்படுகிறது. நம் வீடுகளிலும் இத்தகைய இருவர் இருக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆட்சி மாற்றம் எழுத்தாளனுக்கு விடுதலை தந்தது. ஆனால் மொழிபெயர்ப்புக்கு இருந்த அரசுப் பணமும் அதோடு போயிற்று. இதன் விளைவு நம் தமிழையும் தொட்டது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் நூல்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் தந்த தமிழில் டால்ஸ்டாயும் தஸ்தயேவ்ஸ்கியும் சிங்கிஸ் ஐத்மாத்தவும் சில ரூபாய்க்குக் கிடைத்தார்கள். ருஷ்ய மொழியிலிருந்து நேரே தமிழுக்கு வந்த நூல்களும் அவற்றில் இருந்தன. மலையாளத்துக்கு அதே பணியை மாஸ்கோவில் தங்கிச் செய்தவர்கள் ஓமனா, கோபாலகிருஷ்ணன் தம்பதியர். அந்நூல்களைத் திருவனந்தபுரத்தில் பிரபாத் புக் ஹவுஸ் விற்றது. தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். அந்த நூல்களில் அரசுப் பிரசாரம் இல்லாமல் இல்லை. எதை மொழிபெயர்ப்பது என்று தீர்மானித்ததும் அரசே. 'முகம்' போன்ற ஒரு நூல் அவ்வழியே வந்திருக்காது. ஆயினும் 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது பிரசாரத்தோடு அந்த நேர்வழியும் அடைபட்டுப் போனதுதான் இழப்பு. பின்னர் எம்.ஏ. சுசீலா தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை அரும்பாடுபட்டுத் தமிழாக்கினார். அது ஆங்கில வழியாகவே வந்தது. கிழக்கு ஐரோப்பிய இலக்கியத்துக்கு இன்று நம் வாசல் பெரும்பாலும் ஆங்கிலம்தான்.

அந்த வாசலும் இப்போது சற்று அகலமாகியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2023இல் சர்வதேச புக்கர் பரிசு பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி கொஸ்பொதினோவுக்குக் கிடைத்தது. நினைவை இழக்கும் நோயாளிகளுக்காகப் பழைய பத்தாண்டுகளை அப்படியே அறைகளாக அமைத்துத் தரும் ஒரு மருத்துவமனையைப் பற்றிய நாவல் அது. (ஊரை விட்டு வந்த ஆண்டின் தமிழையே இன்றும் பேசிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த அறைகள் அந்நியமாகத் தோன்றா.) பரிசுத் தொகை 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் ஏஞ்சலா ரோடலுக்கு. இவர் அமெரிக்கர், பல்கேரிய நாட்டுப்பாடலில் மனம் பறிகொடுத்து, அந்நாட்டிலேயே குடியேறியவர். அதே ஆண்டு நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் 'பூக்குழி'யும் இருந்தது. அனிருத்தன் வாசுதேவன் ஆங்கிலமாக்கியது. தமிழும் பல்கேரியமும் ஒரே பட்டியலில் நின்றன. ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள இரண்டுக்கும் நடுவே ஆங்கிலம் வேண்டியிருந்தது.

பல்கேரியம் கற்க நம்மில் எத்தனை பேர் போகப் போகிறோம்? ஆனால் நேர்வழி எப்படி உண்டாகிறது என்பதைத் திருவனந்தபுரத்திலேயே காணலாம். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்திய ஆ. மாதவன், பி.கே. பாலகிருஷ்ணனின் மலையாள நாவலைத் தமிழில் தந்தார். நீல பத்மநாபன் ஐயப்பப் பணிக்கரின் கவிதைகளைத் தமிழாக்கிச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். எந்த அரசும் இவர்களை மாஸ்கோவுக்கு அனுப்பவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்ற நம் அன்றாட வாழ்க்கைதான் இவர்களை உருவாக்கியது. அந்த வாழ்க்கையில் இப்போது ஒரு கால் ஆட்டம் காண்கிறது: நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியவில்லை. எழுத்தறியாத பிள்ளைக்கு 'ஆம்' காதில் விழும், ஏட்டில் ஏறாது.

ஆகவே ஒரு பயிற்சி. விடுமுறை நாளில் தாத்தாவோ பாட்டியோ ஒரு கதை சொல்லட்டும். ஒரு பிள்ளை அதைத் தமிழில் எழுதட்டும். தெரியாத எழுத்தைப் பெரியவர் காட்டிக் கொடுக்கட்டும். இரண்டாம் பிள்ளை அதை மலையாளத்திலும், மூன்றாம் பிள்ளை ஆங்கிலத்திலும் ஆக்கட்டும். பிறகு மூலத்தை ஒளித்து வைத்துவிட்டு, மலையாளத்திலிருந்து ஒருவரும் ஆங்கிலத்திலிருந்து ஒருவரும் தமிழுக்குத் திருப்பி எழுதட்டும். மூன்று தமிழ்த் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை 'ஆம்' மிஞ்சியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.